அமெரிக்கக் கேசட்டும் மாட்டுங்கா டியூப் லைட்டும்: பழைய வீடியோவைச் சிமிட்டாமல் கம்ப்யூட்டருக்கு மாற்றும் முறை

போன ஆடி மாதம் மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி என் வீட்டுக்கு வந்தார். துணிப்பையில் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு விஎச்எஸ் கேசட், கூடவே ஒரு டிவிடி. "ஏம்பா, கேசட் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டா. நீ ஒருதரம் பாத்துச் சொல்லேன்" என்றார்.

கேசட்டில் இரண்டு நிகழ்ச்சிகள். 1993-இல் நியூ ஜெர்சியில் பேரனின் முதல் பிறந்த நாள். அடுத்த தை மாதம் மகன் குடும்பத்தோடு மும்பைக்கு வந்தபோது மாட்டுங்காவில் நடந்த தங்கை கல்யாணம். இரண்டையும் எடுத்தது மகன் அமெரிக்காவில் வாங்கிய ஒரே ஹேண்டிகேம். பிறகு இரண்டையும் ஒரு பெரிய கேசட்டில் ஏற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கல்யாணப் பந்தியில் மாமா கேமராவைப் பார்த்து இரண்டு நிமிடம் பேசுகிறாராம். மாமா இப்போது இல்லை. அவர் குரலும் முகமும் சேர்ந்து இருப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து டிவிடி போட்டிருந்தார்கள். அதை ஓட விட்டேன். பிறந்த நாள் பகுதியில் குழந்தை கையை ஆட்டினால் ஒரு கைக்குப் பின்னால் ஆவி மாதிரி இன்னொரு கை. கல்யாணப் பகுதியில் மண்டபமே படபடவென்று சிமிட்டுகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்த்தால் தலை வலிக்கும்.

கேசட் கெடவே இல்லை. அதிலிருந்த கணக்கு ஒன்று, அதைப் படித்த கணக்கு வேறு.

1988-இலிருந்து லேமிங்டன் ரோட்டுப் பக்கம் டிவி, டெக் (வீடியோ கேசட் ஓட்டும் விசிஆர்) ரிப்பேர் பார்த்தவன் நான். இப்போது சயான் கோலிவாடாவில் வீட்டிலேயே பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலிருந்து இதே கதையோடு நிறைய பேர் வருகிறார்கள். கொஞ்சம் பொறுமை இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதும் அறுபதும்

இதை மட்டும் முதலில் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும். நம் ஊர் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, அமெரிக்காவில் 60. டிவி பிறந்த காலத்தில், படம் வரும் வேகமும் கரண்டின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் கருப்புப் பட்டை மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அந்தந்த நாட்டுக்காரர்கள் தங்கள் கரண்டுக்கு ஏற்றபடி டிவியை அமைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் 525 வரிகள், நொடிக்கு 60 அரைப்படங்கள். நமக்கு வந்த பேல் முறையில் 625 வரிகள், நொடிக்கு 50 அரைப்படங்கள்.

அரைப்படம் என்றால், ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை. பழைய பிக்சர் டியூப் டிவி அப்படித்தான் வரைந்தது. முழுப் படத்தை நொடிக்கு 25 தடவை மட்டும் காட்டினால் கண் கூசும்படி சிமிட்டும். பாதி பாதியாகப் பிரித்து 50 தடவை காட்டியதால் சிமிட்டல் அடங்கியது. அந்த ஐம்பதையும் கடைக்கண்ணால் பார்த்தால் வெள்ளைத் திரை லேசாகத் துடிப்பது தெரியும். பிறகு 100 ஹெர்ட்ஸ் டிவி என்று விலை கூட்டி விற்றது இந்தத் துடிப்பைப் போக்கத்தான்.

என்டிஎஸ்சியில் கலர் வந்தது 1953-இல். கலரைச் சேர்த்தபோது அது ஒலியோடு மோதாமல் இருக்க வேகத்தைத் துளி குறைத்தார்கள். அதனால் முழுப்படக் கணக்கு 30 அல்ல, 29.97. இந்த எண் பின்னால் தேவைப்படும். பேல் முறையை ஜெர்மனியில் டெலிஃபுங்கன் கம்பெனியின் வால்டர் புரூக் உருவாக்கினார். வரிக்கு வரி கலரின் நிலையைத் திருப்பிப் போடுவதால் பிழை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். என்டிஎஸ்சி டிவிகளில் முகம் பச்சையாகவோ ஊதாவாகவோ போனால் திருத்த டின்ட் என்று ஒரு திருகு இருக்கும். பேல் டிவிக்கு அது தேவைப்படவில்லை.

இந்தியாவில் டிவி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொடங்கியது. மும்பைக்கு 1972 அக்டோபர் 2-இல் வந்தது. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் வந்தபோது அது பேல். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, துபாய், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எல்லாம் பேல்தான். அதனால் அங்கிருந்து வந்த கேசட்டுக்குப் பயப்பட வேண்டாம். அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென் கொரியா, பிலிப்பைன்ஸ் என்றால் என்டிஎஸ்சி. பிரான்ஸ், ரஷ்யா சீகாம் என்ற மூன்றாவது முறை. அந்தக் கேசட் என்னிடம் அபூர்வமாகத்தான் வரும்.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். அறுபதில் எடுத்ததை அறுபதாகவே எடுங்கள், அறுபதாகவே வையுங்கள், அறுபதாகவே பாருங்கள். "இந்தியாவில் ஓடணுமே" என்று ஐம்பதாக மாற்றாதீர்கள். மாமியின் டிவிடியில் அந்த ஆவிக்கை வந்தது அதனால்தான். 60 அரைப்படத்தை 50-க்குள் அடைக்க, பக்கத்துப் படங்களைக் கலந்து பூசிவிட்டார்கள். பிக்சர் டியூப் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றைக்கு நம் வீட்டில் இருக்கும் எல்இடி டிவிகள் யுஎஸ்பியில் போட்டால் இரண்டு கணக்கையும் ஓட்டும்.

கேசட் எந்த ஊர்க்காரன்?

டெக்கில் போடுவதற்கு முன்பே பெரும்பாலும் சொல்லிவிடலாம். கேசட்டின் முகப்பில் டி-120, டி-160 என்று டி எழுத்து இருந்தால் அது என்டிஎஸ்சி நாட்டில் விற்றது. இ-180, இ-240 என்று இருந்தால் பேல் நாட்டில் விற்றது. எண் என்பது நிமிடக் கணக்கு. என்டிஎஸ்சியில் டேப் நொடிக்கு 33.35 மில்லிமீட்டர் ஓடும், பேலில் 23.39 மில்லிமீட்டர்தான். அதனால் அதே டி-120 கேசட் அங்கே இரண்டு மணி நேரம் ஓடும், இங்கே பதிவு செய்தால் இரண்டே முக்கால் மணிக்கும் மேலே ஓடும். ஆனால் வெற்றுக் கேசட்டை அங்கே வாங்கி இங்கே பதிவு செய்தவர்களும் உண்டு. எழுத்து ஒரு துப்பு மட்டுமே. யார் எடுத்தார்கள், எந்த கேமராவில் என்று கேட்பது அதைவிட முக்கியம்.

அடுத்து, பேல் மட்டும் தெரிந்த டெக்கில் அமெரிக்கக் கேசட்டைப் போட்டால் குரல் தூக்கத்தில் பேசுவது போல இழுத்து, கட்டையாக வரும். படம் துண்டு துண்டாகக் கிழியும். தலைகீழாக, என்டிஎஸ்சி டெக்கில் நம் கேசட்டைப் போட்டால் குரல் கீச்சுக்கீச்சென்று ஓடும். டெக் சரியாகப் படித்து டிவிக்குப் பிடிக்கவில்லை என்றால் அது வேறு மாதிரி இருக்கும்: குரல் சரியாக இருக்கும், படம் மட்டும் கருப்பு வெள்ளையாக வரும், அல்லது கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருக்கும். இந்த மூன்று அடையாளங்களை மனதில் வைத்துக்கொண்டால் தவறு கேசட்டிலா, டெக்கிலா, டிவியிலா என்று பாதி வேலை முடிந்த மாதிரி.

போடுவதற்கு முன் இன்னொரு விஷயம். மும்பையில் நாலு மாத மழை. கேசட்டின் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். டேப் கருப்பாகப் பளபளவென்று இருக்க வேண்டும். அரிசி மாவு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகளோ, ஓரத்தில் சிலந்தி வலை போல நூலோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை டெக்கில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அப்படிப்பட்டதை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். மாமியின் கேசட்டில் இரண்டு புள்ளி தெரிந்தது. மூடியைத் திறந்து பார்த்ததில் அது சுற்றி வைத்த பேப்பரின் தூசி. பின்பக்கத்தில் இருக்கும் பாதுகாப்புத் துண்டு உடைக்கப்படாமல் இருந்தால் முதலில் உடைத்துவிடுங்கள். தெரியாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் எல்லாம் போய்விடும்.

டெக்

புது டெக் இனி கிடையாது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. பழையதைத்தான் தேட வேண்டும். முன்பக்கத்திலோ ரிமோட்டிலோ "என்டிஎஸ்சி பிளேபேக்" அல்லது "மல்டி சிஸ்டம்" என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த டெக்குகளில் இது அதிகம். அப்படி ஒன்று உங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பரணிலேயே இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது உங்களுக்கு முக்கியமில்லாத ஒரு கேசட்டைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் ஒரே கேசட்டில் ஆறு மணி நேரம் ஏற்ற இபி என்ற மெதுவான வேகத்தில் பதிவு செய்யும் வழக்கம் உண்டு. சில இந்திய டெக்குகள் அதைப் படிக்காது. அதையும் கேளுங்கள்.

மகன் அங்கிருந்தே அமெரிக்க டெக்கைக் கொண்டுவந்தால் ரொம்ப நல்லது, ஆனால் நேராகச் சுவரில் செருகிவிடாதீர்கள். அது 120 வோல்ட், நம் வீட்டில் 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், 50-ஐ 60 ஆக்காது. டெக் உள்ளே கரண்டை நேராக்கிக்கொண்டு தன் சொந்தக் கணக்கில் ஓடுவதால் அதனால் பாதகமில்லை. கரண்டின் சுற்றை எண்ணி ஓடும் பழைய அமெரிக்க அலாரக் கடிகாரத்தை இதே போல மாட்டினால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். ஒரு வீட்டில் அதை "ரிப்பேர்" பண்ணச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஹெட்டைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் சுத்தமான வெள்ளைத் தாளும் போதும். தாளை நனைத்து, ஹெட் பதிந்திருக்கும் உருளையான டிரம்மின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டிரம்மை மெதுவாகச் சுழற்றுங்கள். தாளை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முறிந்துவிடும். பஞ்சு வைத்த குச்சி வேண்டாம், நார் சிக்கிக்கொள்ளும். இந்த வேலைக்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது

டெக்கிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர். எஸ்-வீடியோ பின் இருந்தால் மஞ்சளுக்குப் பதிலாக அது. ஒயர் போய்ச் சேருவது, படத்தைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் யுஎஸ்பி கேப்சர் கருவி. மென்பொருள் விர்ச்சுவல்டப் அல்லது ஓபிஎஸ், இரண்டும் இலவசம். நான் விர்ச்சுவல்டப்தான், காரணம் படம் தவறினால் எத்தனை தவறியது என்று எண்ணிக் காட்டும்.

இப்போது சரியான முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மல்டி சிஸ்டம் டெக் அமெரிக்கக் கேசட்டை மூன்று விதமாக வெளியே அனுப்பலாம். ஒன்று அசல் என்டிஎஸ்சி, அதாவது கலர் அலை 3.58 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவது என்டிஎஸ்சி 4.43. மூன்றாவது பேல் 60, வரியும் வேகமும் அமெரிக்கக் கணக்கு, கலர் மட்டும் பேல். டெக்கில் தேர்வு இருந்தால் முதலாவதை வையுங்கள். கேப்சர் மென்பொருளில் அதே பெயரைத் தேர்ந்தெடுங்கள். படம் அசையாமல் நின்று கலர் மட்டும் வரவில்லை என்றால் வரிக் கணக்கு சரி, கலர் தேர்வுதான் தப்பு. அடுத்ததை மாற்றிப் பாருங்கள். படம் உருண்டாலோ, கீழே ஒரு பட்டை காலியாக இருந்தாலோ 525-க்கும் 625-க்கும் குழப்பம்.

படத்தின் அளவு என்டிஎஸ்சிக்கு 720-க்கு 480, பேலுக்கு 720-க்கு 576. வேகம் 29.97 அல்லது 25. சிலர் 30 என்று வைத்துவிடுவார்கள். அங்கேதான் மேலே சொன்ன எண் வேலை செய்கிறது: ஒரு மணி நேரத்தில் மூன்றரை நொடிக்கு மேல் வித்தியாசம் விழும். கல்யாணக் கேசட்டின் கடைசியில் நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து குழலை எடுத்த பிறகும் இசை கேட்டுக்கொண்டிருக்கும்.

ஹஃப்யுவி போல இழப்பில்லாத முறையில் சேமியுங்கள். மணிக்குச் சுமார் 30 ஜிபி ஆகும், ஆகட்டும். வேலையெல்லாம் முடிந்த பிறகு சுருக்கிக்கொள்ளலாம். படத்தின் அடியில் நாலைந்து வரி கலங்கித் தெரிந்தால் பதற வேண்டாம், ஒரு ஹெட்டிலிருந்து இன்னொரு ஹெட்டுக்கு மாறும் இடம் அது. டிவி அதைச் சட்டத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தது, கம்ப்யூட்டர் காட்டிவிடுகிறது. படத்தின் மேல்பகுதி ஒரு பக்கமாக வளைந்தால் டெக்குக்கும் கேப்சருக்கும் நடுவே ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை மாட்டிப் பாருங்கள். அதற்குள் இருக்கும் நேரத்தைச் சீராக்கும் பகுதி பல சமயம் அதை நிமிர்த்திவிடும்.

அப்புறம் அரைப்படங்களைப் பிரிக்க வேண்டும். எல்இடி டிவி அரைப்படம் காட்டுவதில்லை, முழுதாகத்தான் காட்டும். பிரிக்காமல் விட்டால் அசையும் இடமெல்லாம் சீப்பின் பல் போலத் தெரியும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் பாப் என்று ஒரு தேர்வு உண்டு. அது ஒவ்வொரு அரைப்படத்தையும் ஒரு முழுப்படமாக நிரப்பும். முடிவில் 29.97 கேசட் 59.94 ஆகவும், 25 கேசட் 50 ஆகவும் வர வேண்டும். 25-ஆகவே வந்திருந்தால் பாதி அசைவைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள், திரும்பச் செய்யுங்கள். மாமியின் பேரன் மெழுகுவர்த்தியை ஊதும் இடத்தை டிவிடியில் பார்த்தபோது ஒரு வெள்ளைப் பூச்சு மட்டும் இருந்தது. 59.94-இல் சுடர் சாய்வது, திரும்ப நிமிர்வது, மறுபடி சாய்ந்து அணைவது மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. குழந்தை ஊதியது இரண்டு தடவை என்று மாமிக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கல்யாண மண்டபம் ஏன் சிமிட்டியது?

பிறந்த நாள் பகுதி இதோடு சரியாகிவிட்டது. கல்யாணப் பகுதி அப்படியே சிமிட்டிக்கொண்டிருந்தது. இங்கே தப்பு டெக்கிலோ ஒயரிலோ இல்லை, 1994-இல் மண்டபத்திலேயே நடந்துவிட்டது.

சோக் போட்ட டியூப் லைட் தொடர்ந்து எரிவதில்லை. கரண்டின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை பிரகாசித்து இரண்டு தடவை மங்கும். நம் ஊரில் நொடிக்கு 100 தடவை, அமெரிக்காவில் 120. அந்தக் கேமரா நொடிக்கு 60 அரைப்படம் எடுக்கிறது. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு அரைப்படத்துக்கும் மிகச்சரியாக இரண்டு பிரகாசம் விழுந்தது, எல்லாம் ஒரே வெளிச்சம். மாட்டுங்காவில் ஒரு அரைப்படத்துக்கு ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவான பிரகாசம். ஒன்றில் அதிகம், அடுத்ததில் குறைவு, அதற்கடுத்ததில் நடுத்தரம். மூன்று அரைப்படத்துக்கு ஒருமுறை அதே வரிசை திரும்பும். அறுபதை மூன்றால் வகுத்தால் 20. நொடிக்கு 20 தடவைத் துடிப்பு என்பது கண்ணுக்கு ரொம்ப வேதனையான வேகம்.

டோக்கியோக்காரர்களுக்கு இந்தத் தொல்லை சொந்த ஊரிலேயே உண்டு. ஜப்பானில் டிவி முழுக்க என்டிஎஸ்சி, ஆனால் கிழக்கில் கரண்ட் 50, ஒசாகா பக்கம் 60. அதனால்தான் பல என்டிஎஸ்சி கேமராக்களில் 1/100 என்று ஒரு ஷட்டர் வேகம் இருக்கும். ஷட்டரை ஒரு பிரகாசத்தின் அளவுக்கே திறந்தால் எல்லாப் படத்திலும் சம வெளிச்சம் விழும். மாமியின் மகன் அன்று அந்தப் பட்டனை அழுத்தியிருந்தால் போதும். இப்போது அதைச் சொல்லிப் பயனில்லை.

எடுத்த பிறகு திருத்தவும் வழி இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் டீஃப்ளிக்கர் என்று ஒரு ஃபில்டர் உண்டு. பக்கத்துப் படங்களின் சராசரி வெளிச்சத்தை எடுத்து எல்லாவற்றையும் அதற்குச் சமப்படுத்தும். எத்தனை படத்துக்குச் சராசரி என்பதில் 5 என்று அதுவாகவே வைத்திருக்கும். அதை 3 அல்லது 6 ஆக்குங்கள். நம் சிமிட்டல் மூன்றுக்கு ஒருமுறை திரும்புவதால் ஐந்தின் சராசரி ஏறி இறங்கும், மூன்றின் சராசரி அப்படியே நிற்கும். இந்த ஒரு எண்ணுக்காக நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன். இன்னொன்று, பாப் செய்து அரைப்படங்களைப் பிரித்த பிறகுதான் இதைப் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் வெளிச்ச அரைப்படமும் மங்கல் அரைப்படமும் ஒரே படத்தில் வரிவரியாகக் கலந்து கிடக்கும், ஃபில்டரால் பிரிக்க முடியாது.

முழுக் கேசட்டுக்கும் ஒரே அடியாகப் போட்டுவிடாதீர்கள். மேடைக் காட்சியை நிறுத்தி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பாருங்கள். மாமியின் கேசட்டில் மணமக்கள் முகத்தில் வீடியோகிராஃபரின் ஹாலஜன் விளக்கு விழுந்திருந்தது. அந்த விளக்கின் இழை ஆறுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடுவதால் அது கிட்டத்தட்ட சிமிட்டாது. அதனால் தாலி முடிச்சும் முகங்களும் அசையாமல் நிற்க, பின்னால் டியூப் லைட் சுவர் மட்டும் துடித்தது. இங்கே ஃபில்டர் போட்டேன். சுவர் அடங்கி, முகங்கள் சிமிட்டத் தொடங்கின. எடுத்துவிட்டேன். மேடைக் காட்சிகளை அப்படியே விடுங்கள், கண் முகத்தைத்தான் பார்க்கும்.

பந்திக் காட்சி வேறு. அங்கே முழுக்க டியூப் லைட். 3 என்று வைத்ததும் கூடம் நின்றது. எதிர்ச்சுவரில் ஒரே ஒரு லைட் மட்டும் இன்னும் லேசாகத் துடித்தது, வேறு ஃபேஸில் கொடுத்திருப்பார்கள். நிழலில் கொஞ்சம் மஞ்சளும் நீலமும் மாறி மாறி வந்தது. டியூபுக்குள் பூசிய ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் அணைவதால் வருவது, அதை நான் விட்டுவிட்டேன். மாமா வாழை இலை வரிசைக்கு நடுவே நின்று, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "நன்னா சாப்பிடச் சொல்லுடா எல்லாரையும்" என்கிறார். மாமி அதை மூன்று தடவை போடச் சொன்னார்.

டிவியில் பார்க்கும்போது

டிவியில் அசைவை மென்மையாக்கும் வசதி ஏதாவது இருந்தால் பழைய வீடியோவுக்கு அணைத்துவிடுங்கள். யுஎஸ்பிக்குப் பதிலாக டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மூலம் ஓட்டினால் அதன் செட்டிங்கில் ஒரிஜினல் ஃபிரேம் ரேட்டுக்கு மாறும்படி ஒரு தேர்வு இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 50 வீடியோ 60 திரையில் தட்டித் தட்டி ஓடும்.

டிவியே சிமிட்டுகிறதா என்ற சந்தேகம் வந்தால் வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். பென்சில் மங்கலான விசிறி போலத் தெரிந்தால் வெளிச்சம் தொடர்ந்து வருகிறது. தனித்தனியாகப் பத்துப் பென்சில் தெரிந்தால் பின்விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. பிரைட்னஸைக் குறைக்கும்போதுதான் பல டிவிகள் இப்படிச் செய்யும். பின்விளக்கை ஏற்றி, அறையிலும் ஒரு விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டுக் கேட்கும் காதுள்ளவர்களுக்கு ஒரு சங்கதி. சினிமா நொடிக்கு 24 படம். பேல் கேசட்டில் அதை 25 ஆக ஓட்டுவது வழக்கம். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டின் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். சுருதிப் பெட்டியோடு சேரவில்லை என்றால் கேசட்டைக் குறை சொல்லாதீர்கள், வேகத்தை 24-க்கு இறக்கிப் பாருங்கள்.

இன்றைய போனுக்கும் இதே கணக்குதான். பழைய ஹேண்டிகேம் முழுப் படத்தையும் ஒரே சமயத்தில் பிடித்ததால் முழுத் திரையும் சிமிட்டியது. போன் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிப்பதால் சிமிட்டல் பட்டைகளாக ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் போனில் பட்டை வந்தால் கேமரா செட்டிங்கில் ஆன்டி ஃப்ளிக்கர் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றச் சொல்லுங்கள். கைமுறையாக வைக்க முடிந்தால் ஷட்டர் 1/50 அல்லது 1/100. ஐபோனில் வீடியோ செட்டிங்கில் பேல் வடிவங்களைக் காட்டு என்பதை ஆன் செய்தால் 25 கிடைக்கும்.

கடைசி வேலை, பெயர் எழுதுவது. மாமிக்குக் கொடுத்த பென் டிரைவில் சுருக்கிய கோப்பு, ஹார்ட் டிஸ்கில் அசல் கோப்பு. இரண்டின் பெயரிலும் "60" என்று முதலில் எழுதினேன், பிறகு வருடம், ஊர், நிகழ்ச்சி. கேசட்டின் முதுகில் ஒட்டிய சீட்டிலும் "என்டிஎஸ்சி, 60" என்று எழுதி, முழுதாக முன்னுக்குச் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் நிமிர்த்தி வைத்துக் கொடுத்தேன். பேப்பரில் மட்டும் இனிமேல் சுற்றாதீர்கள் மாமி என்று சொல்லி அனுப்பினேன்.